முதலாளி இல்லாத கம்பெனி: கள்ளக்குறிச்சி மரச்சிற்பம்

சேலம் - உளுந்தூர்ப்பேட்டை ரோட்டில் பஸ்ஸில் போறவங்களுக்கு கள்ளக்குறிச்சின்னா டீ குடிக்க பத்து நிமிஷம் நிக்கிற ஊர். பேப்பர் படிக்கிறவங்களுக்கு 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிஞ்சு தனி மாவட்டமான ஊர். 2024 ஜூனுக்கு அப்புறம் மெத்தனால் கலந்த சாராயம் குடிச்சு 60 பேருக்கு மேல் செத்துப் போன ஊர். இந்த மூணாவது விஷயத்தால்தான் இந்தியா முழுக்க இந்தப் பேர் போய்ச் சேர்ந்தது. அதுக்கு மூணு வருஷம் முன்னாடி, 2021-ல், கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது. கருப்பூர் கலம்காரிக்கும் அதே சமயத்தில்தான் கிடைச்சது. அந்தச் செய்தி எத்தனை பேர் கண்ணில் பட்டிருக்கும்னு தெரியலை. பேப்பரில் ஒரு மூலையில் வந்திருக்கும்.

இந்தப் பதிவு அந்த மூலைச் செய்தியைப் பத்தினது. கொஞ்சம் நீளம். ஆபீசில் ஆணி அதிகமா இருக்கறவங்க சாயங்காலமா வந்து படிக்கவும் :-)

எனக்கு இந்த விஷயத்தில் ஆர்வம் வந்ததுக்குக் கலை காரணம் இல்லை. காரணம் என் வேலை. ஐந்து பேர் சேர்ந்து ஒரு சாஃப்ட்வேர் ஸ்கிரீனை மாத்தணும்னா எங்களுக்கு ஒரு டீம் லீட் வேணும், அவருக்கு மேல ஒரு மேனேஜர் வேணும், தினம் காலையில் ஒரு மீட்டிங், அந்த மீட்டிங்கில் என்ன பேசினோம்னு ஒரு மெயில். இத்தனைக்கும் அப்புறமும் ஒருத்தர் செஞ்சது இன்னொருத்தர் செஞ்சதோட பொருந்தாது. இங்கே என்னடான்னா பெருமாள் ஒரு பட்டறையில், ஸ்ரீதேவி பூதேவி இன்னொரு பட்டறையில், பீடமும் திருவாசியும் வேற எங்கேயோ. கடைசியில் கொண்டு வந்து சேர்த்து நிறுத்தினா ஒரே ஆள் செதுக்கின மாதிரி நிக்குது. மேனேஜர் கிடையாது. மெயில் கிடையாது. பல வருஷமா என்னைக் குடைஞ்சுட்டு இருந்த கேள்வி இதுதான்: இவங்களை யார் ஒருங்கிணைக்கிறாங்க?

சிற்ப வேலை தெரிஞ்சவங்க சொல்ற முதல் பதில் ஒரே வார்த்தை. அளவு.

நம்ம சிற்ப சாஸ்திரத்தில் தாளமானம்னு ஒண்ணு இருக்கு. முகத்தோட நீளம் ஒரு தாளம். ஒரு தாளத்துக்கு 12 அங்குலம். விஷ்ணு, சிவன் மாதிரி பெரிய தெய்வங்களுக்கு உத்தம தசதாளம், அதாவது மொத்த உயரம் 124 அங்குலம். தேவிக்கு மத்தியம தசதாளம், 120. பிள்ளையார் குள்ளம், அவருக்குப் பஞ்சதாளம். இதில் முக்கியமான சூட்சுமம் என்னன்னா, இந்த அங்குலம் ஸ்கேலில் இருக்கிற இஞ்ச் இல்லை. சிலையோட உயரம் என்னவோ அதை 124-ஆல் வகுத்தா வர்றதுதான் அங்குலம். தேகலப்த அங்குலம்னு பேர். ஆறடி சிலைன்னா ஒரு அங்குலம் கிட்டத்தட்ட 14.7 மில்லிமீட்டர். ஒரு அடி சிலைன்னா இரண்டரை மில்லிமீட்டர் கூட வராது. ஆனா கண்ணுக்கும் மூக்குக்கும் உள்ள கணக்கு மாறாது. சுவாமிமலையில் வெங்கலச் சிலை செய்யற ஸ்தபதிகள் தென்னையோலையை நறுக்கி, மடிச்சு, ஒடியோலைன்னு ஒரு அளவு நாடா பண்ணி வெச்சுக்கறது இதே கணக்குக்காகத்தான். மரத்தில் வேலை செய்யறவங்க மரத்து மேல நடுக்கோடு போட்டு, குறுக்குக் கோடுகள் போட்டு, அதுக்குள்ள உருவத்தை வரைஞ்சுக்கறாங்க.

ஆக, "ரெண்டடிப் பெருமாள், கூட ரெண்டு தேவி"ன்னு ஒரு வரி போதும். மீதி எல்லாம் ரெண்டு பட்டறைக்கும் ஏற்கனவே தெரியும். நம்ம பாஷையில் சொன்னா இது ஒரு புரோட்டகால். ரெண்டு கம்ப்யூட்டர் ஒண்ணோட ஒண்ணு பேச நடுவில் ஆபீசர் தேவையில்லை, பேசற விதி ரெண்டுக்கும் தெரிஞ்சா போதும் இல்லையா, அதே கதை. யாரோ எப்பவோ செஞ்சு வெச்ச ஒருங்கிணைப்பு வேலையை இன்னைக்கு இருக்கறவங்க இலவசமா அனுபவிக்கறாங்க. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே மீட்டிங் முடிஞ்சு போச்சு!

அளவு மட்டும் இருந்தா போதுமான்னா, போதாது. ரெண்டாவது விஷயம் யார் என்ன நல்லா செய்வாங்கன்னு ஊருக்கே தெரிஞ்சிருக்கறது. இதுக்குக் கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும்.

தமிழ்நாட்டில் மரச்சிற்பத்தோட தாய்வீடு கோவில் தேர். கல்லில் கோபுரம்னா மரத்தில் தேர். ஒரு பெரிய தேரோட அடிப்பாகத்தில் நூத்துக்கணக்கில் சின்னச் சின்னச் சிற்பங்கள் வரிசை வரிசையா இருக்கும். அதை ஒரு ஆள் செய்ய முடியாது. தச்சர், கொல்லர், சிற்பி எல்லாம் சேர்ந்துதான் செஞ்சாகணும். தேர் வேலை முடிஞ்சா அடுத்த ஊர்த் தேர். இடையில் வாகனங்கள்: யாளி, குதிரை, அன்னம், ரிஷபம். ஒரு ஊர்த் தேருக்காகக் கூடின கூட்டம் வேலை முடிஞ்சதும் கலைஞ்சு, அடுத்த வேலைக்கு வேற மாதிரி கூடும். சினிமாக்காரங்க ஒவ்வொரு படத்துக்கும் யூனிட் சேர்க்கற மாதிரி. இப்படிக் கூடிக் கூடிக் கலையறதில்தான் யாருக்கு முகம் நல்லா வரும், யாருக்குக் கொடிவேலை நல்லா வரும், யார் சொன்ன தேதிக்குத் தர மாட்டார்ங்கற தகவல் எல்லாம் ஊருக்குள்ள சேர்ந்துடுது. இந்தத் தகவலை எந்த ஃபைலிலும் பார்க்க முடியாது, ஆனா எல்லாருக்கும் தெரியும்.

1890-ல் ஆல்ஃபிரட் மார்ஷல்ங்கற இங்கிலாந்துப் பொருளாதார அறிஞர், ஷெஃபீல்டு கத்தித் தொழில் மாதிரி ஒரே ஊரில் குவிஞ்ச சின்னச் சின்னத் தொழில்களைப் பத்தி எழுதினப்போ, தொழில் ரகசியம் ரகசியமாவே இருக்காது, ஊர்க்காத்தோட கலந்துடும், குழந்தைங்க கூட தானாக் கத்துக்கும்ங்கற மாதிரி ஒரு கருத்தைச் சொன்னார். நம்ம ஊர் பட்டறைத் தெருவில் ஒரு மணி நேரம் நின்னா மார்ஷலைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. உளிச்சத்தம் தெருவில் கேட்கும். திண்ணையில் உட்கார்ந்து செதுக்குவாங்க. போற வர்ற எல்லாரும் நின்னு பார்ப்பாங்க, அதில் தொழில்காரரும் இருப்பார்.

கோமுகி ஆறு கல்வராயன் மலையில் பொறந்து இந்தப் பக்கமாத்தான் வருது. அந்தத் தண்ணி, மலைக்காட்டு மரம், சுத்துவட்டாரத்துக் கோவில்கள், இந்த மூணையும் வெச்சுத்தான் தொழில் இங்கே தங்கியிருக்கணும். இப்பவும் கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டங்களில்தான் முக்கியமா நடக்குது. இதை இன்னும் கொஞ்சம் விரிச்சுப் பார்த்தா ஒரு சுவாரசியம். சேலம் மாவட்டத் தம்மம்பட்டி, பெரம்பலூர் மாவட்ட அரும்பாவூர் ரெண்டும் மரச்சிற்பத்துக்குப் பேர் போன ஊர்கள். அரும்பாவூருக்கு 2020-லேயே புவிசார் குறியீடு கிடைச்சாச்சு. கல்வராயன், பச்சமலை, கொல்லிமலை - இந்த மூணு மலையோட அடிவாரத்தில் இந்த ஊர்கள் வரிசையா உட்கார்ந்திருக்கு. மேப்பில் பாருங்க, புரியும்.

தேர் வேலை குறைஞ்சப்போ என்னாச்சு? இங்கேதான் மூணாவது ஆள் வர்றார். 1973-ல் தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம், அதாங்க நம்ம பூம்புகார், ஆரம்பிச்சாங்க. கோவிலுக்குச் செஞ்ச கை, ஷோகேஸுக்குச் செய்ய ஆரம்பிச்சது. ஆறடி ரிஷபம் ஆறு இஞ்ச் ரிஷபமாச்சு. கூட்டுறவு சங்கம் வந்தது. மெட்ராஸ் கடைக்காரர் வந்தார். வெளிநாட்டுக்கு ஏத்துமதி பண்றவர் வந்தார். அப்புறம் வீடு கட்டறவங்க பூஜை ரூம் கதவு, ஊஞ்சல், தலைவாசல் நிலைன்னு கேக்க ஆரம்பிச்சாங்க.

இந்த நடு ஆளைப் பத்தி நம்மூரில் பேசினா உடனே "இடைத்தரகர்"னு திட்டிட்டு அடுத்த விஷயத்துக்குப் போயிடுவோம். நானும் திட்டுவேன். ஆனா அதுக்கு முன்னாடி இத்தாலிக்கு ஒரு எட்டு போயிட்டு வரணும். ஃபிளாரன்ஸ் பக்கத்தில் பிராட்டோன்னு ஒரு ஊர், கம்பளித் துணிக்குப் பேர் போனது. 1950-களில் அங்கே பெரிய மில்கள் உடைஞ்சு, தறிகள் எல்லாம் சின்னச் சின்னப் பட்டறைகளுக்குப் போச்சு. அந்தப் பட்டறைகளை இணைச்சவர் பேர் இம்பன்னத்தோரே. அவர்கிட்ட ஒரு தறி கூட இருக்காது. ஃபேஷன் கம்பெனிக்காரன் அடுத்த சீசனுக்கு என்ன கேப்பான்னு தெரிஞ்சுக்கறது, புது டிசைன் யோசிக்கறது, நூலை ஒருத்தர்கிட்ட, நெசவை ஒருத்தர்கிட்ட, சாயத்தை ஒருத்தர்கிட்ட கொடுத்து வாங்கறது. அவ்வளவுதான் அவர் வேலை. 1984-ல் பியோர், சேபெல்னு ரெண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள் இதைப் பத்திப் புத்தகமே எழுதி, பெரிய ஃபேக்டரிக்கு மாத்து இதுதான்னு உலகம் முழுக்கப் பேச வெச்சாங்க. நம்ம திருப்பூர் கூட கிட்டத்தட்ட அதே வகை. நிட்டிங் ஒருத்தர், டையிங் ஒருத்தர், காம்பாக்டிங் ஒருத்தர், தையல் ஒருத்தர், எல்லாம் ஜாப் ஒர்க்.

பிராட்டோக்காரர் நல்ல நடு ஆள்னு சொல்றதுக்குக் காரணம், அவர் வெளியே இருந்து தகவலைக் கொண்டு வந்து உள்ளே கொடுத்தார். புதுசு செய்யறதில் இருக்கற நஷ்டத்தில் பங்கு எடுத்தார். இந்த ரெண்டு உரைகல்லில் நம்ம கைவினைத் தொழில் நடு ஆட்களை உரசிப் பாருங்க. ஆர்டர் கொண்டு வர்றாங்க, சரி. முன்பணம் தர்றாங்க, சரி. ஆனா அந்த முன்பணமே கயிறு மாதிரி. வாங்கின ஆள் வேற இடத்துக்குச் செய்ய முடியாது, கூலியும் பேச முடியாது. புது டிசைனில் ஒண்ணு செஞ்சு அது விக்கலைன்னா நஷ்டம் செதுக்கினவர் தலையில். வித்தா, "இதே மாதிரி இன்னும் இருபது போடு". அந்த இருபதுக்குக் கூலி, பழைய டிசைனுக்கு என்ன கூலியோ அதே கூலி. யார் புதுசு பண்ணுவா? நீங்களே சொல்லுங்க.

ஆனாலும் பண்றாங்க, அதுதான் அதிசயம். எங்கே புதுசு வருதுன்னு கவனிச்சா ஒரு விஷயம் புலப்படும். பெருமாள், நடராஜர், துர்க்கை எல்லாம் தியான சுலோகத்துக்குக் கட்டுப்பட்டவங்க. கையில் என்ன, கால் எப்படி, எல்லாம் விதிச்சு வெச்சாச்சு. அங்கே கை வைக்க மாட்டாங்க. புதுசு எல்லாம் பிள்ளையார் மேலதான். ஊஞ்சலில் பிள்ளையார், வயலின் வாசிக்கிற பிள்ளையார், புத்தகம் படிக்கிற பிள்ளையார், இலைக்குள்ள பிள்ளையார், கம்ப்யூட்டர் பிள்ளையார் (நம்ம இனம்!). அவர் எதையும் தாங்குவார்ங்கறது ஊர் நம்பிக்கை. அடுத்தது பீடம், திருவாசி, தூண், கொடி. சட்டம் இறுக்கமா இருக்கற இடத்தில் ஒருங்கிணைப்பு சுலபம், சட்டம் தளர்ந்த ஓரத்தில் கற்பனை. ரெண்டும் ஒரே மரத்தில். அளவு கட்டுப்படுத்துதுன்னு நாம நினைக்கிறோம். எனக்கென்னவோ அளவு இருக்கறதால்தான் மீதி இடத்தில் தைரியமா விளையாட முடியுதுன்னு தோணுது.

(இடைச்செருகல்: 2018 ஜூலையிலிருந்து மரத்தில் செஞ்ச சாமி சிலைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. மயிலுக்கும் யானைக்கும் உண்டு. அப்ப மயில் மேல முருகனை உட்கார வெச்சுட்டா? சிரிக்காதீங்க, ஒரு கலைஞன் அடுத்து என்ன செதுக்கணும்னு தீர்மானிக்கறதில் இதுவும் சேர்த்திதான்.)

இனி தகராறான இடம். காப்பி.

ஒருத்தர் புதுசா ஒரு பிள்ளையார் செஞ்சா அடுத்த தெருவுக்கு அது போக அதிக நாள் ஆகாது. செல்போன் வந்தப்புறம் அடுத்த நிமிஷமே தம்மம்பட்டிக்குப் போயிடும். இது நல்லதா கெட்டதா? தொழில் முழுசுக்கும் நல்லது, சந்தேகமே இல்லை. நேத்து ஒருத்தர் கண்டுபிடிச்சது இன்னைக்கு ஐம்பது வீட்டில் சோறு போடும். ஐம்பது பேரில் ஒருத்தர் அதை இன்னும் கொஞ்சம் மாத்துவார். அதுதான் இந்தக் கலை இத்தனை நூற்றாண்டு வளர்ந்த விதம். தேர்ச் சிற்பத்தில் செதுக்கினவர் பேரைத் தேடிப் பாருங்க, பெரும்பாலும் கிடைக்காது. ஆனா அன்னைக்குப் புதுசு பண்ணினவருக்குக் கோவில் மரியாதை, மானியம், அடுத்த தேர் வேலைன்னு ஏதோ ஒண்ணு திரும்பி வந்திருக்கும். இன்னைக்கு என்ன வருது?

சட்டம் உதவுமான்னு பார்த்தேன். சிற்பம் கலைப்படைப்பு, 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் வரும். ஆனா அதே சட்டத்தின் 15-ஆவது பிரிவு, டிசைனாப் பதிவு பண்ணக்கூடிய ஒண்ணைப் பதிவு பண்ணாம விட்டு, தொழில்முறையில் 50 தடவைக்கு மேல பிரதி எடுத்தா அந்த உரிமை போச்சுன்னு சொல்லுது. பதிவு பண்ணணும்னா 2000-ஆவது வருஷ டிசைன் சட்டம். முதலில் 10 வருஷம், அப்புறம் 5 வருஷம் பாதுகாப்பு. ஆனா வெளியில் காட்டறதுக்கு முன்னாடியே விண்ணப்பம் போடணும். திண்ணையில் உட்கார்ந்து தெருவே பார்க்கச் செதுக்கறவர் எதை வெளியில் காட்டாம வெச்சுக்க முடியும்? எந்த வகைச் சிற்பம் எந்தச் சட்டத்தில் விழும்ங்கறதிலேயே வக்கீல்கள் மணிக்கணக்கில் சண்டை போடுவாங்க.

புவிசார் குறியீடு இதுக்கெல்லாம் மருந்துன்னு ஒரு நினைப்பு இருக்கு. அந்தச் சட்டம் 1999-ல் நிறைவேறி 2003 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. பதிவகம் நம்ம சென்னை கிண்டியில்தான் இருக்கு. பத்து வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். இது என்ன செய்யும்? வேற ஊரில் செஞ்சதைக் கள்ளக்குறிச்சின்னு சொல்லி விக்கக் கூடாதுன்னு தடுக்கும். நல்ல விஷயம், வேண்டாம்னு சொல்லலை. ஆனா பாருங்க, பாதுகாப்பு கிடைக்கறது ஊர்ப்பேருக்கு. செதுக்கின கைக்கு இல்லை, புதுசா யோசிச்ச மண்டைக்கும் இல்லை. அந்த முத்திரையைப் பயன்படுத்தணும்னாலே ஒவ்வொரு கலைஞரும் தனித்தனியா அங்கீகரிக்கப்பட்ட பயனாளரா பதிவு பண்ணிக்கணும். விண்ணப்பம், ஆவணம், அலைச்சல். ஊருக்குக் குறியீடு கிடைச்ச அன்னைக்கு லட்டு கொடுத்ததோட வேலை முடிஞ்சுடறதில்லை. சுவாமிமலையில் ஒரு சிலை வாங்கினா எந்த ஸ்தபதி செஞ்சதுன்னு கேட்டுத்தான் வாங்கறாங்க. மரத்துக்கு நாம அப்படிக் கேக்கறதில்லை. நான் எதிர்பார்க்கறது ரொம்பச் சின்ன விஷயம்: ஒவ்வொரு சிலையோட அடியிலும் செஞ்சவர் பேரும் வருஷமும் இருக்கணும். அதுக்குச் சட்டம் தேவையில்லை, ஒரு உளி போதும். ஆனா பேர் இருந்தா வாங்கறவன் அடுத்த தடவை நேரா அவர்கிட்டயே போயிடுவான். அதனாலதான் அந்த இடம் காலியாவே இருக்கு.

அடுத்தது சி.என்.சி. மெஷின். ஒரு ஃபைலைப் போட்டா ரூட்டர் தானாச் செதுக்கும். திருப்பதி வெங்கடாசலபதி ஃபைல் நெட்டில் விலைக்குக் கிடைக்குது. பலகையில் புடைப்பா வர்ற வேலைக்கு, அதாவது கதவு, பேனல், இதுக்கெல்லாம் மெஷின் கச்சிதம். சாதாரண மூணு அச்சு மெஷின் மேலிருந்து கீழேதான் இறங்கும். கைக்கும் இடுப்புக்கும் நடுவில் உள்ள சந்து, பின்பக்கம் குடைஞ்ச இடம், இதில் எல்லாம் அது திணறும். அதனால முழு உருவச் சிலை இன்னும் கைவசம் இருக்கு. கதவு வேலைதான் முதலில் போகும். சில இடங்களில் மெஷின் குத்துமதிப்பா வெட்டித் தர, கண்ணு மூக்கு மட்டும் கையால் முடிக்கறாங்க. இதில் எனக்குக் கோபம் எதுவும் இல்லை, முதுகுவலியும் தூசியும் குறைஞ்சா நல்லதுதானே. என் கவலை வேற. சின்னப் பையன் வேலை கத்துக்கறது அந்தக் குத்துமதிப்பா வெட்டற கட்டத்தில்தான். அதை மெஷின் எடுத்துக்கிட்டா, இருபது வருஷம் கழிச்சுக் கண்ணு மூக்கு முடிக்கற ஆள் எங்கேருந்து வருவார்?

கத்துக்கறதுன்னு சொன்னதும் ஒரு அரசியல் விஷயம். 2023 செப்டம்பரில் மத்திய அரசு விஸ்வகர்மா திட்டம் கொண்டு வந்தது, 18 தொழில்களுக்கு. குடும்ப வழியா அந்தத் தொழில் செய்யறவங்களாத்தான் இருக்கணும்ங்கற நிபந்தனையை எடுக்கச் சொல்லி தமிழக அரசு 2024-ல் அதை ஏத்துக்க மறுத்து, 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டம்னு தனியா ஆரம்பிச்சது. யார் சொல்றது சரின்னு நான் தீர்ப்பு சொல்ல வரலை (உள்குத்து எதுவும் இல்லைங்க). ஆனா சண்டையோட மையம் நம்ம விஷயம்தான்: திறமை ரத்தத்தில் போகுதா, பட்டறையில் போகுதா? திண்ணைக்குப் பக்கத்தில் நின்னு பார்த்துக் கத்துக்கிட்டவர்னு ஒருத்தர் இருந்தாலே பதில் தெரிஞ்சு போச்சு.

இப்ப மலைக்கு வர்றேன்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து மேற்கே பார்த்தா நீலமா ஒரு கோடு தெரியும், அதுதான் கல்வராயன். இந்தப் பக்கம் வெள்ளிமலை, அந்தப் பக்கம் சேலம் மாவட்டத்துக் கருமந்துறை. மலையாளின்னு அழைக்கப்படற பழங்குடி மக்கள் அங்கே இருக்காங்க (கேரளாவுக்கும் இவங்களுக்கும் சம்பந்தம் இல்லை, காஞ்சிபுரத்திலிருந்து வந்தோம்னு அவங்க கதை). மூணு ஜாகீர்தார்கள் கையில் இருந்த மலை 1976-ல்தான் அரசாங்கத்தோட நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. நாட்டுக்குச் சுதந்திரம் கிடைச்சு 29 வருஷம் கழிச்சு.

மரத்தைப் பத்தி அவங்களுக்குத் தெரியாததா? எந்த மரம் வெடிக்கும், எது புழு அரிக்கும், எது எந்த மாசம் வெட்டினா நிக்கும், எல்லாம் அத்துப்படி. ஆனா அடிவாரத்தில் நான் இத்தனை நேரம் வர்ணிச்ச வலைப்பின்னலில் அவங்களுக்கு என்ன இடம்? தேக்கு டிப்போவிலிருந்து வருது. வாகையும் மாவும் வேம்பும் சமவெளித் தோப்பிலிருந்தும் ரோட்டோரத்திலிருந்தும் வருது. சந்தனம் பட்டா நிலத்தில் வளர்ந்தாலும் 2002 வரைக்கும் சர்க்கார் சொத்து. ஈட்டி மரத்துக்குத் தமிழ்நாட்டில் தனிப் பாதுகாப்புச் சட்டமே இருந்தது. போதாததுக்கு 2016-ல் ஜோகன்னஸ்பர்க்கில் கூடின சைட்ஸ் மாநாடு, ஈட்டி இனம் முழுசையும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் போட்டுடுச்சு. 2017 ஜனவரியிலிருந்து ஒரு ஈட்டி யானை வெளிநாடு போகணும்னா காகிதம் வேணும். 2019-ல் ஜெனீவாவில் கூடினப்போதான், ஒரு அனுப்புதலில் 10 கிலோவுக்குள்ள ஈட்டி இருந்தா பரவாயில்லைன்னு தளர்த்தினாங்க. எங்கேயோ ஆப்பிரிக்காவில் எடுத்த முடிவு இங்கே திண்ணையில் உளியை நிறுத்துது. காட்டைக் காப்பாத்தணும், மறுப்பே இல்லை. ஆனா காட்டுக்குள்ள இருந்தவங்களை மரத்தொழிலோட சட்டப்படி இணைக்கற கதவு ஒண்ணொண்ணா மூடினப்போ, வேற ஒரு கதவு திறந்தது.

அதுவும் ஒரு நெட்வொர்க்தான். அங்கேயும் நடு ஆள் உண்டு, முன்பணம் உண்டு, ஒருத்தருக்கு அடுத்தவரைத் தவிர வேற யாரையும் தெரியாத ஏற்பாடு உண்டு. மலைக்கிராமத்து ஆட்களோட கோடாலித் திறமையை விலைக்கு வாங்கி, செம்மரம் வெட்ட ஆந்திராவுக்கு ஏத்திட்டுப் போற நெட்வொர்க். 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திர போலீஸ் சுட்டு 20 பேர் செத்தாங்க. தமிழ்நாட்டுக் கூலி ஆட்கள், நிறைய பேர் மலைக்காரங்க. சாராயமும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான். 2024 சாவுகளுக்கு அப்புறம்தான் கல்வராயன் மலை மக்களோட வாழ்நிலையைப் பத்தி சென்னை உயர் நீதிமன்றம் தானா முன்வந்து வழக்கு எடுத்தது. ரோடு இருக்கா, ஆஸ்பத்திரி இருக்கா, பள்ளிக்கூடம் இருக்கான்னு கோர்ட் கேக்க வேண்டி வந்தது.

மரத்தை அறிஞ்ச கை மலை மேல. மரத்தைச் சாமியாக்கற கை மலைக்குக் கீழே. நடுவில் கோமுகி ஆறு மட்டும்தான் ஓடுது. 1957-லிருந்து மாமல்லபுரத்தில் அரசு கட்டடக்கலை சிற்பக்கலைக் கல்லூரி இருக்கு, மரவேலைக்கும் அங்கே இடம் உண்டு. வெள்ளிமலையில் ஒரு பட்டறை போட எவ்வளவு செலவாகும்? ஒரு கொட்டகை, நாலு செட் உளி, கீழேருந்து வாரம் ரெண்டு நாள் வந்து போக ஒரு மூத்த சிற்பி, அவருக்குச் சம்பளம். நடுக்கோடு போட்டு 124-ஆ வகுக்கறதை நாலு பசங்களுக்குச் சொல்லிக் கொடுத்தா ஆரம்பிச்சுடலாம். முதல் வருஷம் பீடம், திருவாசி மட்டும் அங்கே செய்யட்டும். கீழே செய்யற பெருமாளோட அது பொருந்தும்.

பின்குறிப்பு: கைவினைக் கடைகளில் போய் "இது கள்ளக்குறிச்சியா?"ன்னு கேட்டுப் பாருங்க. "எல்லாம் ஒண்ணுதான் சார்"னு பதில் வந்தா, சிலையைத் திருப்பி அடியில் பாருங்க. விலைச் சீட்டு ஒட்டியிருக்கும்.